உட்கார வைக்கும் அன்பு

"நீ பேசாமல் உட்கார், அம்மா." சில ஆண்டுகளாக என் தாயிடம் நான் அதிகமாகச் சொன்ன வாக்கியம் இதுதான். கோலம் போடக் குனிந்தால் தடுத்தேன். கோயிலுக்குக் கிளம்பினால் வண்டி வரவழைத்தேன். ஊரார் என்னை நல்ல பிள்ளை என்றார்கள். நானும் நம்பினேன்.

78 வயதில் அவளுக்குப் பித்தப்பைக் கல்லுக்காக அறுவை சிகிச்சை நடந்தது. சிகிச்சையில் குறையொன்றும் இல்லை. ஆனால் இரண்டாம் இரவு, ஜன்னி கண்டவளைப்போல் பிதற்றினாள். என்னைப் பார்த்து, "யாரப்பா நீ? என் பிள்ளையைக் கூப்பிடு" என்றாள்.

டாக்டர் பதறவில்லை. முதியவர்களுக்கு அறுவைக்குப் பின் இப்படி நேர்வதுண்டு, பெரும்பாலும் தெளிந்துவிடும் என்றார். பிறகு, "தினம் எவ்வளவு தூரம் நடப்பார்?" என்று கேட்டார். நான் தலைகுனிந்தேன்.

அப்புறம்தான் படித்தேன். மயக்க மருந்துக்குப் பின் முதியவர் சிலரின் புத்தி மங்குவதைப் பற்றி, பெட்ஃபோர்டு என்ற ஆங்கில மருத்துவர் 1955-லேயே 'லான்செட்' இதழில் எழுதியிருக்கிறார். 2011-ல் அமெரிக்காவில் வெளியான ஆராய்ச்சி ஒன்றில், 120 முதியவர்களில் பாதிப் பேர் வாரம் மூன்று நாளாக ஓராண்டு நடந்தார்கள். நினைவுக்கு ஆதாரமான மூளைப் பகுதி அவர்களுக்குச் சுமார் 2 சதவீதம் வளர்ந்திருந்தது. நடக்காமல் வேறு பயிற்சி செய்த மற்றவர்களுக்குச் சுருங்கியிருந்தது.

நடந்திருந்தால் அம்மாவுக்கு அந்த இரவு வந்தே இராது என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது. நன்றாக நடப்பவர்களுக்கும் இது வருவதுண்டு. என்னை வருத்தும் கேள்வி வேறு. அந்த 'உட்கார்' யாருக்காக? அவள் விழுந்துவிடுவாளோ என்ற என் பயத்துக்கு நான் தேடிக்கொண்ட மருந்து அது. என் நிம்மதிக்கு விலையாக அவள் கால்களைக் கொடுத்தேன். இழந்தவள் அவள், பெயர் வாங்கியவன் நான்.

"விழுந்துவிட்டால்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. கூட நடக்க வேண்டும், அவ்வளவுதான். அதற்குப் பணம் வேண்டாம், நேரம் வேண்டும். தாய்க்குப் பணம் கொடுப்பது நமக்கு எளிது. நேரம் கொடுக்கத்தான் மனம் கணக்குப் பார்க்கிறது.

நான்காம் நாள் அம்மா என்னைப் பெயர் சொல்லி அழைத்தாள். இப்போது மாலைதோறும் தெருக்கோடிப் பிள்ளையார் கோயில்வரை இருவரும் நடக்கிறோம். நேற்றுப் பாதி வழியில் நின்று என் முகத்தைப் பார்த்தாள்.

"மூச்சு வாங்குகிறதே உனக்கு. வேண்டுமானால் நீ கொஞ்சம் உட்காரேன்" என்றாள்.