கலங்கலும் நீலமும்

(அரசலாறு கடலில் சேரும் இடம், காரைக்கால். வெயில் சாய்ந்துகொண்டிருக்கிறது. குரு, ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். சீடன், கிளிஞ்சல்மேட்டுப் படகுக்காரர் ஒருவரின் மகன்.)

சீடன்: ஐயா, ஒன்பதாம் வகுப்பில் நீங்கள் சொல்லிக்கொடுத்த ஒன்று சரிதானா என்று நேற்றிலிருந்து மனம் அடித்துக்கொள்கிறது. கேட்கலாமா?

குரு: கேட்காமல் மனசுக்குள்ளேயே வைத்திருந்தால்தான் எனக்கு வருத்தம் தம்பி. எது?

சீடன்: கடல் ஏன் நீலம் என்று கேட்டேன். வானம் அதில் தெரிகிறது, அவ்வளவுதான் என்றீர்கள். நேற்று அப்பாவோடு கடலுக்குப் போனேன். கரையோரம் ஒரே கலங்கல். தாண்டியதும் பச்சை. இன்னும் போகப்போக மை கரைத்த மாதிரி நீலம். ஆனால் மூன்றுக்கும் மேலே இருந்தது ஒரே வானம்.

குரு: (சற்று நேரம் பேசாமலிருந்து) தவறாகத்தான் சொன்னேன். நான் படித்த புத்தகத்தில் அப்படி இருந்தது; பொருத்தமாகவும் தோன்றியது. குளத்தில் தென்னை தெரிவதுபோலக் கடலில் வானம் தெரிகிறது என்றால் யாருக்குத்தான் ஐயம் வரும்? இங்கிலாந்தின் ரேலி பிரபுவே அப்படித்தான் எண்ணினார். வானத்தின் நீலத்துக்குக் காரணம் சொன்னவர் அவர். காற்றின் மூலக்கூறுகள் குறுகிய அலைநீள ஒளியை மிகுதியாகச் சிதறடிக்கின்றன, அலைநீளம் பாதியானால் சிதறல் 16 மடங்கு என்று கணக்கோடு நிறுவியவர். வானத்தைச் சரியாகச் சொன்னவர் கடலையும் சரியாகத்தான் சொல்லியிருப்பார் என்று உலகம் நம்பியது.

சீடன்: யார்தான் நம்பவில்லை?

குரு: நம் ஆற்றங்கரைக்காரர் ஒருவர். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே, திருவானைக்காவலில் 1888 இல் பிறந்த சி.வி. ராமன். அந்த ஊரைத் தொட்டு ஓடும் காவிரியில் பிரிந்ததுதான் இதோ நம் காலடியில் போகும் அரசலாறு. 1921 இல் இங்கிலாந்து போய்த் திரும்பும் வழியில், கப்பல் தளத்தில் நின்று மத்தியதரைக் கடலைப் பார்த்தார். எல்லோரும்தான் பார்த்தார்கள். அவர் கையில் மட்டும் நிக்கல் பட்டகம் என்ற சிறு கருவி இருந்தது. நீலம் வானத்தின் பிரதிபலிப்பா, நீரின் சொந்த நிறமா, இரண்டு விளக்கங்களில் எது மெய் என்று அதைக் கொண்டு கடலிடமே கேட்டார்.

சீடன்: கடலிடம் எப்படிக் கேட்பது?

குரு: இதைப் பிடி. பழுதான கால்குலேட்டரின் திரையிலிருந்து உரித்த தகடு. ஒரு திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும். நிக்கல் பட்டகமும் அதைத்தான் செய்தது. சூரியனை முதுகில் வைத்து, உன் நிழலுக்குச் சற்று விலகி ஆற்றைப் பார். உன் கண் தண்ணீருக்கு மேலே ஒன்பதடி இருக்குமா? பன்னிரண்டடி தள்ளிப் பார். மூன்றுக்கு நான்கு. நீரின் ஒளிவிலகல் எண் அது. அந்தச் சாய்வில் நீரின் மேல்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளி முழுவதும் கிடைமட்டமாகவே அதிரும். இப்போது தகட்டை மெல்லத் திருப்பு.

சீடன்: அட! மினுமினுப்பு போய்விட்டது. வானமே தெரியவில்லை, கலங்கல் மட்டும் இன்னும் அடர்த்தியாகத் தெரிகிறது ஐயா.

குரு: வானத்தைத் துடைத்துவிட்டாய், எஞ்சியது ஆற்றின் சொந்த நிறம். ராமன் ஆழ்கடலில் இதையே செய்தார். ரேலி சொன்னது சரியென்றால் நீலம் மறைந்திருக்க வேண்டும். மறையவில்லை, கூடியது. நர்குண்டா கப்பல் பம்பாய்த் துறைக்கு வந்ததும் வராததுமாக நேச்சர் இதழுக்குக் கடிதம் எழுதிவிட்டார். அப்போது அவருக்கு வயது 32.

சீடன்: அப்படியானால் வானத்துக்குக் கடலின் நிறத்தில் பங்கே இல்லையா? மழை மூட்டத்தில் கடல் சாம்பலாகத்தானே இருக்கிறது?

குரு: பங்கு உண்டு. மேல்பரப்பின் மினுக்கம் வானத்தினுடையது. அதுவே முழுக் காரணம் என்றதில்தான் பிழை. உண்மையை அறிய நம் முன்னோர் அளவை மூன்று என்பார்கள்: காட்சி, கருதல், உரை. பெரியவர் சொன்னது உரை. குளத்துத் தென்னையைக் கொண்டு ஊகித்தது கருதல். காட்சி என்று சும்மா பார்த்ததைச் சொல்வார்கள். எனக்கு அது போதாது. சும்மா பார்த்தால் இரண்டு விளக்கமும் பொருந்தும். ஒன்று நிற்க மற்றது விழும்படியான இடத்தில் போய்ப் பார்ப்பதுதான் காட்சி. ஒரே வானத்தின் கீழே மூன்று நிறம் கண்டாயே, கருவி இல்லாமலே அந்த இடத்துக்குப் போய்விட்டாய்.

சீடன்: ஆனால் அந்த நீலத் தண்ணீரைக் கையில் அள்ளினேன். நிறமே இல்லை. நிறம் தண்ணீரில் இருக்கிறதா, இல்லையா?

குரு: தூரத்தில் இருக்கிறது. ஒரு மீட்டர் தண்ணீரைக் கடப்பதற்குள் கருஞ்சிவப்பு ஒளி ஏறக்குறைய பாதி போய்விடும். நீலமோ நூற்றில் ஒரு பங்கு இழப்பதே அதிகம். உள்ளங்கை ஆழத்தில் இந்த வேறுபாடு என்ன தெரியும்? பல மீட்டர் இறங்கி ஏறும் ஒளியில்தான் சிவப்பு தீர்ந்து நீலம் மிஞ்சும். அதை மேலே திருப்பி அனுப்புவது நீரின் சிதறல். ராமன் சிதறலுக்கே முதலிடம் தந்தார். உறிஞ்சுதல் நிறத்தை ஆழமாக்குகிறது என்றார். இன்று உறிஞ்சுதலுக்குத்தான் பெரும்பங்கு என்று அறிகிறோம். கரையோரக் கலங்கல், ஆறுகள் கொண்டுவரும் வண்டலும் அலை கிளப்பும் சேறும். நடுவிலிருந்த பச்சை, கண்ணுக்குத் தெரியாத மிதவைப் பாசிகளால்.

சீடன்: ரேலியைத் திருத்தியவரும் திருத்தப்பட்டாரா!

குரு: அதனால் அவர் குறைந்தா போனார்? அந்த நீலத்தைத் துரத்தித் திரவங்களில் ஒளிச்சிதறலை ஏழாண்டு ஆராய்ந்தார். 1928 பிப்ரவரி 28 அன்று ராமன் விளைவு கிடைத்தது. 1930 இல் நோபல் பரிசு.

சீடன்: உங்கள் சொல்லைச் சோதிப்பது மரியாதைக் குறைவோ என்று தயங்கினேன்.

குரு: ஆனி மாதம் மாங்கனி இறைக்கும் ஊரில் பிறந்தவன் நீ. காரைக்கால் அம்மையாரின் கணவன் பரமதத்தன், கனி இறையருளால் வந்தது என்ற அவர் சொல்லை ஏற்காமல் இன்னொரு கனி வருவித்துக் காட்டு என்றான். அதை நான் குற்றமென்று நினைப்பதில்லை. காட்டிய பிறகு, கண்டதோடு இருக்க முடியாமல் கப்பலேறிப் போய்விட்டான். அந்தக் கதையில் என்னை உறுத்துவது அதுதான். கேட்பவன் விடைக்குப் பிறகும் அங்கே நிற்க வேண்டும். நாளைக்கே பள்ளிக்குப் போய், இத்தனை ஆண்டுகள் தவறாகச் சொன்னேன் என்று பிள்ளைகளிடம் சொல்லப் போகிறேன். நீயும் வா, தகட்டை எடுத்துக்கொண்டு.

சீடன்: வருகிறேன் ஐயா. (தகட்டை அண்ணாந்து பிடித்துத் திருப்புகிறான்.) இதென்ன, தலைக்கு நேரே வானமும் கறுக்கிறதே? அங்கே தண்ணீர் ஏது?

குரு: எல்லாப் பக்கமும் கறுக்கிறதா?

சீடன்: இல்லை. சூரியன் பக்கம் கறுக்கவில்லை. உச்சியில்தான்.

குரு: அப்படியானால் உட்கார். இருட்ட இன்னும் அரை மணி நேரம் இருக்கிறது.