லாடத்தைக் கழற்றிய பிறகு

ஒரு டிசம்பர் காலையில் ஒரு பெண்குதிரையின் நான்கு கால்களிலிருந்தும் லாடத்தைக் கழற்றச் சொன்னவன் நான். கழற்றியவர் பாய். நாற்பது வருஷமாக மாட்டுக்கும் குதிரைக்கும் லாடம் அடிப்பவர். வாரக்கடைசிகளில் நான் உதவிக்குப் போகும் குதிரைலாயத்துக்கு ஆறு வாரத்துக்கு ஒருமுறை வருவார். கடைசி லாடம் தரையில் விழுந்தபோது ஒரு விலங்கை உடைத்துவிட்ட பெருமிதம் எனக்கு. மிருகத்துக்கும் கால்தளைக்கும் தமிழில் ஒரே சொல் என்பதும் அப்போது ஞாபகம் வந்து தொலைத்தது.

சும்மா ஆசைப்பட்டு அதைச் செய்யவில்லை. நிறையப் படித்திருந்தேன். ஜேமி ஜாக்சன் என்ற அமெரிக்கர் லாடம் அடிப்பதையே தொழிலாகக் கொண்டிருந்தவர். 1980களில் அமெரிக்காவின் வறண்ட கிரேட் பேஸின் நிலத்தில் திரியும் காட்டுக் குதிரைகளைப் பின்தொடர்ந்து, அவற்றின் குளம்புகள் எந்தப் பராமரிப்பும் இல்லாமல் உறுதியாக இருப்பதைக் கண்டார். 1992இல் அவர் எழுதிய புத்தகம் வெறுங்கால் இயக்கத்துக்கு ஒரு தொடக்கம். அதற்கும் 2,300 ஆண்டுகளுக்கு முன்பு, ஆணி அடித்த லாடமே இல்லாத கிரேக்கத்தில், லாயத்துக்கு வெளியே கைக்கடங்கும் உருண்டைக் கற்களை வண்டிக்கணக்கில் கொட்டி அதன்மேல் குதிரையை நிறுத்தினால் குளம்பு கெட்டிப்படும் என்று ஸெனஃபன் எழுதிவைத்திருக்கிறார்.

குளம்பைப் பற்றித் தெரிந்துகொண்டால் இந்தத் தரப்பு இன்னும் வலுவாகும். குளம்பு நம் நகம்போலக் கெரட்டின்தான், ஆனால் செத்த பொருள்போல அசையாமல் இருப்பதில்லை. எடை இறங்கும்போது குதிகால் பக்கம் சற்று விரிகிறது, தூக்கும்போது சுருங்குகிறது. அடியில் முக்கோணமாக, ரப்பர்போல ஒரு பகுதி இருக்கிறது. ஆங்கிலத்தில் அதற்குத் தவளை என்று பெயர். அதுவும் அதற்கு மேலுள்ள மெத்தையும் அதிர்ச்சியை வாங்கிக்கொள்கின்றன. இரும்பு வளையம் இந்த அசைவைக் குறைக்கிறது. ஆணி அடிப்பது குதிரைக்கு வலிக்காது, உணர்ச்சியில்லாத வெளிச்சுவரில்தான் அது இறங்குகிறது. ஆனால் வலிக்கவில்லை என்பதால் மட்டும் ஒரு காரியம் சரியாகிவிடுமா? இப்படியெல்லாம் பேசித்தான் முதலாளியைச் சம்மதிக்க வைத்தேன்.

மூன்றாம் நாள் அவள் சரளைக்கல் பாதையில் நடக்க மறுத்தாள். ஒவ்வொரு அடியும் சுடுமணலில் வைப்பதுபோல. "இது மாறுற காலம் பாய், கொஞ்ச நாள் வலிக்கும், அப்புறம் பழகிடும்" என்றேன்.

அவர் அரத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "யாருக்குப் பழகிடும் தம்பி? அதுக்கா, உனக்கா?"

குதிரை கீழே தள்ளியதும் இல்லாமல் குழியும் பறித்ததாம் என்பார்கள். இங்கே தள்ளியதும் பறித்ததும் நான்தான்.

அன்றிரவு எனக்கு உறைத்தது இதுதான். 'இயற்கை' என்ற சொல்லை நான் ஒரு வாதமாகப் பயன்படுத்தியிருந்தேன், அது வாதமே இல்லை. காட்டுக் குதிரை நாள் முழுக்கக் காய்ந்த கரடுமுரடான நிலத்தில் மேய்ந்துகொண்டே நடக்கிறது. குளம்பு தேய்வதும் வளர்வதும் அங்கே ஒரு கணக்கில் ஓடுகிறது. எங்கள் குதிரை இருபது மணிநேரம் மூத்திர ஈரத்தில் நிற்கிறாள். தவிடும் கொள்ளும் தின்கிறாள். மீதி நேரம் முதுகில் ஒரு ஆளோடு சரளையில் நடக்கிறாள். அவளிடமிருந்து நான் எடுத்தது லாடத்தை மட்டும். கொட்டடியை எடுக்கவில்லை, தீவனத்தை மாற்றவில்லை, சவாரியை நிறுத்தவில்லை. எனக்குச் சுலபமாக இருந்த ஒன்றை மட்டும் இயற்கைக்குத் திருப்பிக் கொடுத்தேன்.

காட்டுக் குளம்பே குறையற்றது என்பதும் பாதி உண்மைதான். நியூசிலாந்தின் கைமனாவா காட்டுக் குதிரைகளின் பாதங்களை ஆராய்ந்த ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் அவற்றில் குறைபாடுகள் பரவலாக இருப்பதைக் கண்டார்கள். காட்டில் கால் கெட்ட குதிரை பிழைப்பது கடினம். நாம் படமெடுத்து ரசிப்பது மிஞ்சியவற்றை.

அதற்காக லாடம்தான் நியாயம் என்று சொல்லவரவில்லை. அதிலும் நம் சுயநலம் இருக்கிறது. குதிரை தாங்கக்கூடியதைவிட அதிக வேலையை அதன் காலில் ஏற்ற அது உதவுகிறது. லாடம் போட்டால் நொண்டல் தெரியாமல் போகும், நொண்டலின் காரணம் போகாது. இரண்டு தரப்பிலும் குதிரைக்காகப் பேசுவது மனிதர்கள்தான்.

பேசத் தெரியாத உயிருக்கு, பின்னால் வரும் நன்மைக்காக இப்போது வலி கொடுக்கலாமா? குழந்தைக்கு ஊசி போடுகிறோமே. போடலாம் என்றுதான் நினைக்கிறேன், மூன்று நிபந்தனைகளோடு. நன்மை அந்த உயிருக்கே போய்ச் சேர வேண்டும், என் கொள்கைக்கு அல்ல. வலி குறைந்த வேறு வழி இருக்கக்கூடாது. தப்பென்று தெரிந்தால் நிறுத்த நான் தயாராக இருக்க வேண்டும். முதலாவதில் எனக்கே சந்தேகம். இரண்டாவதை நான் யோசிக்கவே இல்லை. மூன்றாவதில் பாய் கேட்ட பிறகும் ஒரு வாரம் இழுத்தடித்தேன். அந்த ஒரு வாரம்தான் என்னை உறுத்துகிறது. அவள் நடந்து வலித்தது என் பிடிவாதத்துக்காக.

கடைசியில் செய்தது பெரிய புரட்சி ஒன்றுமில்லை. முன்னங்காலுக்கு மறுபடி லாடம் வந்தது. குதிரையின் எடையில் பாதிக்கு மேல் அங்கேதான் இறங்குகிறது. பின்னங்கால்கள் வெறுமையாகவே இருக்கட்டும் என்றார் பாய், அவை தாங்கின. கொட்டடியைக் காயவைத்தோம். தவிட்டைக் குறைத்து உலர்புல்லைக் கூட்டினோம். இரவில் கதவைத் திறந்துவிட முதலாளி ஒப்புக்கொள்ளவே இரண்டு மாதம் ஆனது. தண்ணீர்த் தொட்டியைச் சுற்றிக் கூழாங்கல் கொட்டினோம், ஸெனஃபன் சொன்னபடி. குளம்பு முழுசாக மேலிருந்து கீழே வளர்ந்து புதிதாக ஏறக்குறைய ஒரு வருஷம் ஆகும். அதன்பிறகு முன்னங்காலைப் பற்றி மறுபடி பேசலாம் என்றிருக்கிறோம்.

இப்போது போகும்போதெல்லாம் நான்கு கால்களையும் ஒவ்வொன்றாகத் தூக்கி, அழுக்கெடுத்து, விரலால் அழுத்திப் பார்க்கிறேன். முதல் தடவை நான் இதைச் செய்யவே இல்லை. கால் சுருக்கென்று இழுபட்டால் அன்றைக்குச் சவாரி கிடையாது. அந்த முடிவை இப்போது அவள்தான் எடுக்கிறாள்.