நேர்ச்சையும் மாத்திரையும்



நம் பங்கைச் சேர்ந்த ஒருவர் சென்ற தவக்காலத்தில் ஏலாக்குறிச்சிக்குப் போய், அடைக்கல மாதாவின் முன்பாக முழந்தாளிட்டு ஒரு நேர்ச்சை செய்தார். அன்று முதல் பீடியையும் தொடுவதில்லை, முதுகு வலிக்காக நான்கு ஆண்டாய் விழுங்கி வந்த மாத்திரையையும் தொடுவதில்லை என்பதே அது. பையிலிருந்த பீடிக் கட்டையும் மாத்திரை அட்டையையும் அங்கேயே எறிந்துவிட்டு வீடு திரும்பினார். மறுநாள் பூசை முடிந்ததும் என்னிடம் சொன்னார். நானும் யோசியாமல், "மெத்த நல்லது, மாதா பார்த்துக்கொள்வார்கள்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதை எழுதுகிறேனோ என்று ஒருவரும் அஞ்ச வேண்டாம். இவை சாமியார் வீட்டுத் திண்ணையில் பேசியவை. "எழுதுங்கள் சாமி, என்னைப்போல் இருக்கிறவன் படிக்கட்டும்" என்று அவரே சொன்னதால் எழுதுகிறேன்.

அவர் இருபத்தைந்து ஆண்டு லாரி ஓட்டியவர். முதுகெலும்புத் தட்டு விலகி, டிரமடால் என்னும் மாத்திரை நாளைக்கு நான்கு வீதம் உண்டு வந்தார். அது அபினைப் போன்ற வேலை செய்யும் வலி மருந்து. 2018-ஆம் ஆண்டு மத்திய அரசு அதைப் போதை மருந்துச் சட்டத்தின்கீழ்க் கொண்டுவந்தது. மருத்துவர் சீட்டோடு, தேவைக்காக உண்டவரைத்தான் அது பிடித்துக்கொண்டது.

இரண்டாம் நாளே வேர்வையும் கொட்டாவியும் மூக்கொழுகலும் வந்தன. வயிறு கழிந்தது. கால்களை ஓரிடத்தில் வைக்க முடியவில்லை. மூன்று இரவு கண் மூடவில்லை. பேரப்பிள்ளைகள் மேல் எரிந்து விழுந்தார். எது பீடியை விட்டதால் வந்தது, எது மாத்திரையை விட்டதால் வந்தது என்று அவருக்கே தெரியவில்லை. முதுகு வலியோ முன்னிலும் இரட்டிப்பாயிற்று. ஐந்தாம் நாள் நடுச்சாமத்தில் டிரங்குப் பெட்டியில் கிடந்த பழைய அட்டையைத் தேடி எடுத்து விழுங்கினார், விடிந்ததும் பீடி. அதன்பின் மூன்று ஞாயிறு நன்மை வாங்க வரவில்லை. நான் வீட்டுக்குப் போனபோது கேட்டார்: "மாதாவுக்குக் கொடுத்த வாக்கை மீறிவிட்டேன். சாவான பாவந்தானே சாமி?"

இதற்குள் சிறுவாச்சூர் நெடுஞ்சாலை ஓரத்து டீக்கடையில் செய்தி பரவிவிட்டது. நேர்ந்துவிட்டு மாத்திரை போடுகிறான் என்று சிரித்தவர்களில் நம் ஆட்களும் உண்டு. கையில் சிகரெட்டோடு சிரித்தார்களாம்!

அவர் கேள்விக்குத் திருச்சபையின் போதகம் என்ன? சாவான பாவத்துக்குக் கனமான காரியமும், முழு அறிவும், முழு மனதும் வேண்டும் என்று ஞானோபதேசத்தில் படித்திருக்கிறீர்கள். மூன்று இரவு தூங்காமல் உடம்பெல்லாம் நடுங்குகிறவனிடம் முழு மனது எங்கே இருக்கிறது? நேர்ச்சை என்பதோ சர்வேசுரனுக்கு ஒரு மேலான நன்மையைக் கொடுப்பது. தன் உயிருக்குக் கேடாவதைக் காணிக்கையாக்க ஒருவனுக்கும் உரிமையில்லை. அர்ச். தோமாஸ் அக்குவினாஸ் இதைத் தெளிவாகப் போதித்திருக்கிறார். தனிப்பட்ட நேர்ச்சையைத் தக்க காரணத்தோடு தளர்த்தப் பங்குக்குருவுக்கு அதிகாரமும் உண்டு. 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத்தில் 1196-ஆம் பிரிவைப் பாருங்கள். ஆகவே அன்றே தளர்த்தினேன். அவர் சொன்ன முதல் நாளே விசாரித்திருந்தால் அந்த ஐந்து இரவும் வந்திராது என்பது என் மனதை இன்னும் உறுத்துகிறது.

ஆனால் அவர் விடவில்லை. "வலி என்பது சிலுவைதானே? அதை மாத்திரை போட்டு இறக்கிவைப்பது சரியா?" என்று கேட்டார். இதே கேள்வியை மயக்க மருந்து வைத்தியர்கள் பாப்பரசர் 12-ஆம் பத்திநாதரிடம் கேட்டிருக்கிறார்கள். 1957 பிப்ரவரி 24-ஆம் தேதி அவர் கொடுத்த விடை, வலியைத் தாங்கியே தீரவேண்டும் என்ற பொதுவான கடமை கிறிஸ்தவனுக்கு இல்லை என்பது. விரும்பித் தாங்குகிறவன் ஒப்புக்கொடுக்கலாம். தணிக்க விரும்புகிறவன் தணிக்கலாம். கொல்கொத்தாவில் நம் ஆண்டவர் வெள்ளைப்போளம் கலந்த இரசத்தை வாங்கவில்லை. ஆயினும் அதைக் கொடுத்தவர்களைக் கடிந்துகொண்டதாகச் சுவிசேஷத்தில் இல்லை. இதற்கு மறுபக்கமும் உண்டு. 1992-ஆம் ஆண்டு வெளியான திருச்சபையின் மறைக்கல்வி நூல், மட்டசனத்தைப் பற்றிப் பேசும்போது உணவு, மது, புகையிலை ஆகியவற்றோடு மருந்தையும் சேர்த்து, இவற்றில் மிஞ்சிப்போவதை விலக்கச் சொல்லுகிறது. விட்டு வரவேண்டும் என்ற அவர் ஆசை சரியானதே. விட்ட வழிதான் அவரைப் படுக்கையில் தள்ளிற்று.

திடம் என்னும் புண்ணியத்தின் முக்கியச் செயல் பாய்ந்து தாக்குவதைக் காட்டிலும் நின்று தாங்குவதே என்று அதே தோமாஸ் சொல்லுகிறார். நமக்கோ கட்டை எறிந்த கையைத்தான் பார்க்கத் தெரிகிறது. மாதம் மாதமாக அரை மாத்திரை குறைத்துக்கொண்டு, இரவில் எழுந்து உட்கார்ந்திருக்கிறவனைப் பார்க்கத் தெரிவதில்லை.

சீன தேசத்து அர்ச். மாற்கு ஜி தியான்சியாங் சரித்திரத்தை உங்களில் அநேகர் கேட்டிருக்க மாட்டீர்கள். 1834-இல் பிறந்தவர், ஏழைகளுக்குக் காசு வாங்காமல் மருந்து கொடுத்த வைத்தியர். கடும் வயிற்றுநோய்க்காக அபினை மருந்தாக எடுத்து அதற்கு அடிமையானார். எத்தனை முறை சங்கீர்த்தனம் செய்தும் விட முடியவில்லை. இவனுக்கு மெய்யான மனஸ்தாபம் இல்லை என்று எண்ணிய குரு, அபினை விட்டபின் வா என்று அனுப்பிவிட்டார். ஏறக்குறைய முப்பது ஆண்டு அவருக்குத் தேவதிரவிய அநுமானங்கள் கிடைக்கவில்லை. இருந்தும் கோவிலை விடவில்லை, ஜெபத்தை விடவில்லை. 1900-ஆம் ஆண்டுக் கலகத்தில் குடும்பத்தாரோடு வேதசாட்சியாக மரித்தார். 2000 அக்டோபர் 1-ஆம் தேதி இரண்டாம் ஜான் பால் பாப்பரசர் அவருக்கு அர்ச்சியசிஷ்ட பட்டம் கொடுத்தார். அந்தக் குருவை நான் குறைசொல்ல மாட்டேன். உடம்பு அபினுக்குப் பழகுவதைப் பற்றி இன்று அறிந்தது அன்று அறியப்படவில்லை. இன்று அறிந்திருந்தும் டீக்கடையில் சிரிக்கிறோமே, அதற்கு என்ன சமாதானம்?

நிற்க. நம்மவரை மறுவாரமே மருத்துவரிடம் அழைத்துப்போனோம். அவர் சொன்னவற்றில் சிலவற்றை எல்லோரும் அறிவது நலம். இப்படிப்பட்ட மாத்திரையை ஓராண்டுக்கு மேல் உண்டவர்கள் சட்டென்று நிறுத்தலாகாது. மாதத்திற்குப் பத்தில் ஒரு பங்கு அளவில், அல்லது அதிலும் மெதுவாகக் குறைப்பது நல்லது என்பது 2022-இல் அமெரிக்க அரசின் நோய்த் தடுப்பு மையம் வெளியிட்ட நெறி. சில நாள் நிறுத்திவிட்டுப் பழைய அளவை அப்படியே விழுங்குவது இன்னும் மோசம்; மூச்சே அடங்கிப் போகலாம். நம்மவர் டிரங்குப் பெட்டியைத் திறந்த இரவில் அதுவும் நேர்ந்திருக்கக்கூடும். புகையோ, முதுகெலும்புத் தட்டுக்கு ஊட்டம் தரும் நுண்ணிய இரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது; ஆகவே பீடியை விடுவது முதுகுக்கே மருந்து. முதல் சில நாள் வலி கூடினாற்போல் தோன்றலாம். பீடியை விட்டபின் சில மருந்துகளும் காப்பியுங்கூட உடம்பில் நெடுநேரம் தங்கும். எனவே புகையை விடப்போவதையும் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். இரண்டையும் எந்த வரிசையில் விடுவது என்று அவர்தான் ஆளுக்கு ஆள் பார்த்துச் சொல்லுவார். நம்மவருக்கு மாத்திரையை ஓர் அளவில் நிறுத்தி, முதலில் நிக்கோட்டின் சூயிங்கத்தின் துணையோடு பீடியை விடச்செய்து, அதன்பிறகே மாத்திரையில் கைவைத்தார். புகையை விட நினைக்கிறவர்கள் 1800 11 2356 என்ற எண்ணுக்குக் காசில்லாமல் பேசலாம்.

வெங்காயக் காட்டில் குனிந்து களையெடுக்கும் நம் பெண்கள் இடுப்பு வலிக்குச் சீட்டில்லாமல் கடையில் மாத்திரை வாங்கி விழுங்குவதைப் பற்றியும் எழுத வேண்டும். இன்னொரு வாரம் ஆகட்டும்.

நேர்ச்சையைத் தளர்த்தினேன் என்றேனல்லவா? அவருக்கு அது திருப்தியாயில்லை. மாதாவுக்கு ஏதாவது கொடுத்தே தீருவேன் என்றார். ஆகவே வேறொன்று கொடுத்தேன். எத்தனை மாத்திரை, எத்தனை பீடி என்று மருத்துவரிடம் பொய் சொல்வதில்லை. மாத்திரைகள் மனைவியின் கையில் இருக்கும். அந்த அம்மாள் எடுத்துக் கொடுப்பதே அன்றைய அளவு. மிச்சமாகும் பீடிக்காசு வின்சென்ட் தே பவுல் சபை உண்டியலுக்கு. மருத்துவரிடம் பொய் சொல்லாமலிருப்பதே எல்லாவற்றிலும் கஷ்டம் என்கிறார்.

துயரத்துக்கு மருந்தாகக் கண்ணீரையும் சிநேகிதரின் இரக்கத்தையும் சொன்ன அர்ச். தோமாஸ், நித்திரையையும் ஸ்நானத்தையும் கூடச் சேர்த்திருக்கிறார். பெரிய வேதசாஸ்திரி குளியலைச் சிபாரிசு செய்திருப்பதைக் கேட்டு நம்மவர் வாய்விட்டுச் சிரித்தார். இப்போது தினமும் மாலையில் குளிக்கிறார்.

பீடியைத் தொட்டு நான்கு மாதமாகிறது; நடுவில் ஒரு கல்யாண வீட்டில் தவறினார், மறுநாள் மருத்துவரிடம் தாமே போய்ச் சொன்னார். மாத்திரை நான்கிலிருந்து மூன்றாகியிருக்கிறது. ஞாயிறு பூசையில் நன்மை வாங்குகிறார். மழை வந்தால் முதுகு வலிக்கத்தான் செய்கிறது.

வருகிற மாதம் ஏலாக்குறிச்சிக்குப் போகும் நம் பங்கு யாத்திரைக்கு அவரும் பெயர் கொடுத்திருக்கிறார். நெடுநேரம் உட்கார முடியாதாம். நடுநடுவே எழுந்து நிற்க வசதியாகப் பஸ்ஸில் ஓட்டுநருக்குப் பின்னால் உள்ள இடத்தைக் கேட்டிருக்கிறார். அந்த இடத்தில் யாரும் துண்டு போட வேண்டாம்.