சறுக்கிப் பழக யாருக்கு இடம்?

அக்கா மகன் துபாயில் வேன் ஓட்டுகிறான். பங்குனியில் மதுரை காளியம்மன் தேரைத் தோளில் தூக்கும் சமயம் பார்த்துத் தொட்டியம் வந்திருந்தவன், செல்போனில் ஒரு படம் காட்டினான். மஸ்டாங் என்கிற அமெரிக்கக் கார், சுமார் 1,700 கிலோ. நனைத்துவிட்ட தளத்தில் அது நேராகப் போகாமல் நண்டு மாதிரி பக்கவாட்டில் போகிறது. சுற்றுகிறது, நிற்கிறது, திரும்பவும் போகிறது. ‘மாமா, உள்ள இருக்கறது நாந்தான்’ என்றான். லீவு நாளில் காசு கட்டிக் கற்றுக்கொண்டானாம். அதற்குப் பெயர் ட்ரிஃப்ட்.

எவ்வளவு கட்டினாய் என்று கேட்டேன். சொன்னான். ‘இதெல்லாம் நமக்கெதுக்குடா?’ என்று வாயில் வந்துவிட்டது. ஒன்றும் பேசாமல் போனைப் பையில் போட்டுக்கொண்டு டீக்கடைப் பக்கம் போய்விட்டான்.

ராத்திரி தூக்கம் வரவில்லை. இயக்கம், கூட்டம், கையெழுத்துப் பத்திரிகை என்று இருபத்தைந்து வருசம் அலைந்தவன் நான். ‘இதெல்லாம் உனக்கெதுக்குடா?’ என்ற கேள்வியை எதிர்த்துத்தானே எல்லாம்? அது என் வாய்க்குள் எப்போது வந்து குடியேறியது? ‘உனக்கு’ என்பதை ‘நமக்கு’ என்று மாற்றிவிட்டால் அது வேறு கேள்வியாகிவிடுமா?

அவன் செய்த வேலை எனக்குப் புரியாததில்லை. என்ஜின் பலமெல்லாம் பின்சக்கரத்துக்குப் போகிற வண்டி அது. வளைவில் ஆக்சிலேட்டரை அழுத்தினால் பின் டயர் பிடி விடும், வால் வெளியே வீசும். வால் எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கமே ஸ்டியரிங்கை ஒடிக்க வேண்டும். புதுசாகப் பழகுகிறவன் பயத்தில் படக்கென்று காலை எடுப்பான். உடனே டயருக்குப் பிடி கிடைத்து, ஊஞ்சல் மாதிரி வண்டி எதிர்ப்பக்கம் அடிக்கும். எடை கூடக்கூட அந்த வீச்சை நிறுத்துவது கஷ்டம். கண் போக வேண்டிய இடத்தில் இருக்கணும், மோதப் போகிற இடத்தில் இருக்கக்கூடாது. லாரியும் பின்சக்கரத்தில் இழுக்கிற வண்டிதான். மழையில் ஓட்டியவர்களுக்கு இதில் பாதி தெரியும். வித்தியாசம் ஒன்றே ஒன்று. லாரிக்காரன் சறுக்கலிலிருந்து தப்பிக்கிறான், இவர்கள் சறுக்கலைக் கூப்பிட்டு வைத்துக்கொண்டு விளையாடுகிறார்கள்.

எண்பதுகளில் நான் வாழைத்தார் லாரியில் கிளீனர். காவிரி வடகரை முழுக்க வாழைதான். பூவனும் ரஸ்தாளியும் ஏற்றுவோம். தார் சுமந்து ஏற்றுவது சேரி, தோட்டமும் லாரியும் ஊர்த்தெரு. டிரைவர் எங்கள் ஆள்தான், நான் மாமா என்று கூப்பிடுவேன். லோடு இறக்கிவிட்டுத் திரும்பும்போது, நடுச்சாமத்துக்கு மேல், முதலாளிக்குத் தெரியாமல் ஸ்டியரிங்கைக் கொடுப்பார். ‘வால் ஆடுச்சுன்னா பிரேக்கத் தொடாத. அது போற பக்கமே ஒடி’ என்பார். அவ்வளவுதான் என் டிரைவிங் பள்ளிக்கூடம்.

ஐப்பசி மழையில் ஒருநாள் முசிறி தாண்டி வரும்போது, ரோட்டில் யாரோ கொட்டிய வாழைச்சருகில் பின்சக்கரம் ஏறிவிட்டது. வெறும் வண்டி, பின்னால் எடையே இல்லை, வால் வீசிவிட்டது. ஒடித்தேன், கொஞ்சம் லேட்டாக. மண்கரையில் போய் சாய்ந்து நின்றது. யாருக்கும் அடியில்லை. பின் கதவில் ஒரு பலகை உடைந்தது. முதலாளி வந்தார், பலகையைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை. மாமாவிடம் சொன்னார்: ‘அவனுக்குப் போயி ஸ்டியரிங்கக் குடுத்தா இப்புடித்தான். இதெல்லாம் அவனுக்கு எதுக்கு?’

அதே வருசம் அவருடைய மகன் டிராக்டரை வாய்க்காலில் கவிழ்த்திருந்தான். அந்த டிராக்டரைத் தூக்கிவிட்டது எங்கள் தெரு ஆட்கள்தான், நானும் கயிறு பிடித்தேன். கரையில் நின்று முதலாளி சிரித்துக்கொண்டே சொன்னது: ‘பையன் பழகறான்’.

வாய்க்காலில் கவிழ்வது பழக்கம். மண்கரையில் சாய்வது பிறப்பு. ஒருவனின் தவறு அவனுடைய அந்த நாளைச் சேர்ந்தது, இன்னொருவனின் தவறு அவன் சாதியைச் சேர்ந்தது. 1990இல் மண்டல் பரிந்துரையை எதிர்த்து டெல்லியில் மாணவர்கள் ரோடு கூட்டியும் செருப்புக்குப் பாலிஷ் போட்டும் போராட்டம் நடத்தினார்கள், ஞாபகமிருக்கும். தகுதி, திறமை என்று அவர்கள் சொன்னது வேறென்ன? திறமை என்பது சறுக்கிச் சறுக்கி வருவது. சறுக்க இடம், சறுக்க வண்டி, சறுக்கிய பிறகு ‘பழகறான்’ என்று சொல்ல ஒரு அப்பன். இந்த மூன்றையும் கணக்கில் காட்டாமல் கடைசியில் கிடைத்த லைசன்சை மட்டும் தூக்கிக் காட்டுவதைத்தான் நாட்டில் தகுதி என்கிறார்கள்.

இந்த இடத்தில் 1929 அக்டோபர் 23ஐச் சொல்லாமல் என்னால் மேலே போக முடியாது. தீண்டத்தகாதார் குறைகளை விசாரிக்கப் பம்பாய் அரசாங்கம் போட்ட குழுவில் அம்பேத்கர் ஓர் உறுப்பினர். தூலியாவிலிருந்து திரும்பும்போது சாலிஸ்கானில் இறங்குகிறார். அவ்வூர் மகர் மக்கள் ஒரு ராத்திரி தங்கிப்போகச் சொல்லிக் கெஞ்சுகிறார்கள். ரயிலடியிலிருந்து மகர்வாடா நடக்கிற தூரம்தான். ஆனாலும் நம் தலைவரை நடத்திக் கூட்டிப் போவதா என்று டோங்கா தேடுகிறார்கள். டோங்காக்காரர் எவரும் தீண்டத்தகாதவரை ஏற்றி ஓட்டச் சம்மதிக்கவில்லை. கடைசியில் ஒரு ஏற்பாடு: வண்டியை வாடகைக்குத் தருவோம், ஓட்டமாட்டோம். மகர்களில் ஒருவர் கடிவாளத்தைப் பிடிக்கிறார். அவர் அதற்கு முன் வண்டி ஓட்டியதே இல்லை. பாலத்துக்குள் திரும்பும் இடத்தில் குதிரை மிரள, சக்கரம் ஓரக்கல்லில் மோத, அம்பேத்கர் கல்தளத்தில் தூக்கி எறியப்படுகிறார். குதிரையும் வண்டியும் ஆற்றில். அவருக்குக் கால் எலும்பு முறிந்தது.

அவரே இதை எழுதி வைத்திருக்கிறார். எழுதும்போது இரண்டு பக்கமும் பார்க்கிறார். கூலிக்கு வண்டி ஓட்டுகிறவனுக்குக்கூட, பாரிஸ்டர் ஆன தீண்டத்தகாதவனைவிடத் தான் மேல் என்கிற நினைப்பு இருப்பதைச் சொல்கிறார். தம் மக்கள் கௌரவத்தைப் பார்த்தார்களே தவிர பயணியின் உயிரைப் பார்க்கவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்கிறார்.

நான் இதைப் பலமுறை கூட்டங்களில் சொல்லியிருக்கிறேன். அப்போதெல்லாம் டோங்காக்காரனின் திமிரோடு நிறுத்திவிடுவேன். கடிவாளம் பிடித்த அந்த மனிதரைப் பற்றி ஒருநாளும் யோசித்ததில்லை. அன்று ராத்திரி அவர் என்ன நினைத்திருப்பார்? அவர் செய்தது தப்பா? நடந்தே போயிருக்கலாம் என்பது சரி. ஆனால் ஓட்டத் தெரியாதது அவர் குற்றமா? கற்றுக்கொள்ள அவருக்கு யார் வண்டி கொடுத்தார்கள்? பழகும்போது விழவேண்டிய விழுகையெல்லாம் சேர்ந்து, விழக்கூடாத அந்த ஒரு நாளில், விழக்கூடாத ஒருவரோடு விழுந்தது. வண்டியைத் தருவேன், வித்தையைத் தரமாட்டேன் என்கிற ஏற்பாட்டில் நடக்கக்கூடியது இதுதான். (ஓட்டமாட்டோம் என்பது அந்தக் காலம். 1997இல் நம் ஊரில் ஏறமாட்டோம் என்றார்கள். ஒரு போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயர் வைத்ததற்காக. அரசு எல்லாத் தலைவர்கள் பெயரையும் எடுத்துவிட்டு அமைதி கண்டது.)

தோழர்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. வாழைத்தாரோ பயணியோ ஏற்றாத வண்டி, வயிற்றுக்கு ஆகாத வித்தை, டயரைத் தேய்க்கிற பணக்கார விளையாட்டு, இதற்கா இவ்வளவு? நானும் அப்படித்தான் கேட்டேன். ஆனால் நமக்குத் தரப்பட்ட வித்தைகளைப் பாருங்கள். பறையும் சாவுக்காகத்தான், ஓட்டமும் தகவல் சொல்லத்தான். எல்லாமே யாருக்காவது பிரயோஜனம். பிரயோஜனமில்லாத ஒன்றைத் தன் சந்தோசத்துக்காகக் கற்றுக்கொள்ள ஒரு சேரிப்பையன் ஆசைப்பட்டால் உடனே கணக்குக் கேட்கிறோம். ஜப்பானில் கெய்ச்சி சுச்சியா என்பவர் ராத்திரியில் மலைப்பாதைகளில் சறுக்கிப் பழகியவர். அவருக்கு இன்று ‘ட்ரிஃப்ட் மன்னர்’ என்று பட்டம். இங்கே 2025 பிப்ரவரியில் சிவகங்கை மாவட்டத்தில் ஒரு தலித் கல்லூரி மாணவரின் கைகளை வெட்டினார்கள். புல்லட் ஓட்டியதற்காக என்று புகார். அவர் சறுக்கக்கூட இல்லை, நேராகத்தான் ஓட்டினார்.

அதற்காக ரோட்டில் வண்டியைத் தூக்கிக் காட்டுகிற நம் பையன்களுக்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். பொதுரோட்டில் எதிரே வருவது பெரும்பாலும் நம் ஆள்தான், சைக்கிளிலோ நடந்தோ. என் சறுக்கலுக்கு இன்னொருவன் காலை விலையாகக் கொடுக்க எனக்கு உரிமை கிடையாது. சாலிஸ்கான் பாலம் அதையும்தான் சொல்கிறது. சறுக்குவதற்கென்று அடைத்த தளம் வேண்டும். அப்படியொரு தளத்துக்கு என் அக்கா மகன் கடல் தாண்டிப் போகவேண்டியிருந்தது, தன் கூலியைக் கட்டவேண்டியிருந்தது. அவன் காசு அது, வட்டிக்கு வாங்கியதுகூட இல்லை.

விமானத்துக்குத் திருச்சி கிளம்பும் அன்று பஸ் ஸ்டாண்டில் நின்றோம். மன்னிப்புக் கேட்கிற பழக்கம் நம் வீட்டு ஆம்பளைகளுக்குக் கிடையாது. அதனால் வேறொன்று கேட்டேன்.

‘எத்தன தடவடா சுத்துன?’

‘எண்ணல மாமா. காலைல பூரா சுத்துனது மட்டுந்தான். மத்தியானம் ஒருதடவ பிடிச்சேன், அரைவட்டம்.’

‘வாத்தியார் வைய்யலியா?’

‘வைய்யறதா? ஒவ்வொரு தடவயும் தளத்துக்குத் தண்ணி ஊத்தச் சொல்லிட்டு, திரும்பப் போன்னாரு. அவ்வளவுதான்.’

முசிறி பஸ் வந்துவிட்டது. பையை ஏற்றிக் கொடுத்தேன்.