நாணயத்தில் இல்லாத முகம்

உடுமலைப்பேட்டையில் எனக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர். சூலூர் விமானப்படைத் தளத்தில் முப்பது வருஷம் ஃபிட்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கனடாவிலிருந்து லீவுக்கு வந்த மகன், அப்பாவுக்கென்றே ஒரு வெள்ளி நாணயம் வாங்கி வந்திருந்தார்.

கனடா நாணயச்சாலை 1990 முதல் 1999 வரை, தன் நாட்டு விமான வரலாற்றைக் கொண்டாட வருஷத்துக்கு இரண்டாக வெளியிட்ட 20 டாலர் நாணயங்களில் ஒன்று அது. 92.5 சதவீதம் வெள்ளி. ஒரு பக்கம் விமானம். அதன் மேலே, தங்க முலாம் பூசிய சின்ன வட்டத்துக்குள் சாதித்தவரின் முகம். இவர் கையிலிருந்தது 'சில்வர் டார்ட்'. 1909 பிப்ரவரி 23 அன்று, உறைந்துபோன ஏரியின் மேல் மெக்கர்டி ஓட்டிய விமானம்.

அந்த விமானத்தை உருவாக்கிய குழுவை 1907-ல் ஆரம்பிக்க யோசனை சொல்லி, தன் சொந்தப் பணத்தையும் போட்டவர் யார் தெரியுமா? டெலிபோன் புகழ் கிரகாம் பெல்லின் மனைவி மேபல். அந்தத் தங்க வட்டத்துக்குள் அவர் இல்லை.

நம்ம ஊர்க் கதை மட்டும் என்ன வாழ்கிறது? 1911 பிப்ரவரி 18 அன்று அலகாபாத்திலிருந்து யமுனையைத் தாண்டி நைனிக்கு சுமார் 6,500 கடிதங்களை விமானத்தில் கொண்டுபோனவர் ஹென்றி பெக்கே. அவர் பெயரைச் சொல்லிவிட்டேன். கிளம்பும் முன் இன்ஜினைத் துடைத்தவர் பெயர்? உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

"உங்களை மாதிரி ஆளுக்கும் ஒரு நாணயம் போடணுங்க" என்றேன், ஆறுதலாக. பெரியவர் சிரித்துவிட்டார்.

"ஃபிட்டர் பேரு எப்பங்க வெளிய வரும்? விமானம் விழுந்தா, விசாரணையில வரும். முப்பது வருசமா எம்பேரு எந்தப் பேப்பர்லயும் வரலீங்க. அதுதானுங்க எனக்கு மெடலு!"

எனக்குச் சுருக்கென்றது. ஒழுங்காகச் செய்த வேலைக்கு அடையாளமே இல்லை. தப்பு நடந்தால்தான் முகவரி கிடைக்கிறது. ராத்திரி முழுக்கக் கண்விழித்த நர்ஸ், மழைக்கு முன்னால் சாக்கடை அடைப்பு எடுத்தவர், உங்கள் வீட்டில் கேஸை மூடிவிட்டுப் படுக்கிறவர்... எல்லோரும் இந்தக் கணக்குதான்.

'அவரே கவலைப்படவில்லை, நமக்கென்ன?' என்று விட்டுவிடலாமா? அங்கேதான் தப்பு செய்கிறோம். பாராட்டை எதிர்பார்க்காதது அவருடைய பெருந்தன்மை. பாராட்டாமல் இருப்பது நம்முடைய மறதி. அவருடைய குணத்தை எடுத்து நம்முடைய குற்றத்தை மூடக்கூடாது, இல்லையா?

அடுத்த தடவை பீளமேட்டில் விமானம் ஏறினால், ஜன்னல் வழியே பாருங்கள். ஓடுதளத்துக்குத் திரும்பும் முன், வெயிலில் நின்று கட்டைவிரலை உயர்த்திக் காட்டும் ஒருவர் இருப்பார். அது பைலட்டுக்குத்தான். இருந்தாலும் பதிலுக்கு நீங்கள் ஒரு கை காட்டுங்களேன். அவர் கண்ணில் படாமல் போகலாம். அதனால் என்ன... அவர் வேலையும் உங்கள் கண்ணில் படவில்லையே!