மணிகர்ணிகைக்கு எதிரே ஒரு படகு

காசியில் விடியற்காலைப் படகு தசாசுவமேதத் துறையை விட்டு வடக்கே போகும்போது, மணிகர்ணிகைக்கு எதிரே துடுப்பு மெதுவாகிறது. கரையில் சிதைகள் எரிகின்றன. முன்பின் தெரியாத ஒருவரின் உடல் எரிவதைப் பார்த்துவிட்டுப் போவது தகுமா? தகவே தகாது என்பவர்களோடு என்னால் உடன்பட முடியவில்லை. மற்ற ஊர்களில் சுடுகாடு ஊருக்கு வெளியே ஒதுங்கிக் கிடக்கும். இங்கே அது ஊருக்கு நடுவில், ஆற்றைப் பார்த்தபடி இருக்கிறது. அசி, தசாசுவமேதம், ஆதிகேசவம், பஞ்சகங்கை என்று போகும் பஞ்சதீர்த்த யாத்திரை மணிகர்ணிகையில்தான் முடிகிறது. யாத்திரிகர் சிதைகளுக்குப் பக்கத்திலேயே முழுக்குப் போடுகிறார். இறப்பவர் காதில் சிவனே தாரக மந்திரம் ஓதுவதாக நம்பும் ஊருக்குச் சாவை மறைக்கத் தேவையில்லை. பௌத்தர்களின் சதிபட்டான சுத்தம் என்ற போதனையும் பிணம் அழியும் ஒன்பது நிலைகளை எண்ணித் தியானிக்கச் சொல்கிறது. ஆகவே பார்வையில் பிழையில்லை.

பார்த்த பிறகு எதுவும் நம்மேல் ஒட்டாமல் போய்விடுவதில்தான் பிழை இருக்கிறது. சாவு வீட்டுக்குப் போய் வந்தவர் தலை முழுகாமல் வீட்டுக்குள் நுழைவதில்லை என்பது நம் பக்கத்து வழக்கம். அந்த முழுக்குக்குக் காரணமான தீட்டு என்ற எண்ணம், சிதைக்கு நெருப்புத் தரும் டோம் சமூகத்தாரைத் தலைமுறை தலைமுறையாகத் தள்ளி வைத்திருக்கிறது. அந்தக் கொடுமைக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் அந்த முழுக்கில் வேறொன்றும் இருக்கிறது: சாவைக் கண்டவர் தன் நாளை ஒரு கணமாவது நிறுத்தியாக வேண்டும். படகில் வருபவருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அடுத்த துறை வருகிறது, பேச்சு மாறுகிறது.

கரையில் தேநீர் விற்பவரும் விறகு சுமப்பவரும் அழுதுகொண்டா நிற்கிறார்கள் என்று கேட்கலாம். இல்லைதான். ஆனால் அவர்கள் அங்கேயே வாழ்கிறார்கள். அவர்கள் வீட்டுச் சாவும் அந்தப் படிகளில்தான் இறங்கும். அவர்களுடைய சகஜம் பழகிப் பழகி வந்தது. தீட்டையோ முக்தியையோ நம்பாத வெளிநாட்டவரிடம் இப்படி ஒரு கணம் நிற்பதை எப்படி எதிர்பார்ப்பது என்பது இன்னும் கனமான கேள்வி. நம்பிக்கையை எதிர்பார்க்க முடியாது, கூடாது. ஆனால் தகப்பனுக்குக் கொள்ளி வைத்துவிட்டு நிற்கும் மகனைப் புரிந்துகொள்ள எந்த மதமும் வேண்டாம். அவன் ஊருக்கு நடுவே நிற்கிறான் என்பதால், தன்னைப் படமெடுக்கச் சம்மதித்துவிட்டான் என்று ஆகாது. கேமராவைக் கீழே வைக்கச் சொல்லும் படகோட்டிகள் உண்டு. அவர்கள் சொல்வதற்கு முன்பே அதைச் செய்துவிடலாம்.