யார் சொல்லும் மழை?

ஐப்பசி பிறந்துவிட்டால் திருப்பூர் ராயபுரத்தில் எல்லாக் கண்களும் வானத்தை நோக்குகின்றன. சாயமேற்றிய துணி உலர வேண்டும். நொய்யல் கரையில் வாழ்வோருக்கோ வெள்ளம் வருமா என்று தெரிய வேண்டும். அவ்வேளையில் கைப்பேசிகள்தோறும் தீர்க்கதரிசிகள் பெருகிவிடுகின்றனர். "நாளை பெருமழை, உறுதி" என்கிறார் ஒருவர். சென்னை வானிலை ஆய்வு மையமோ, "ஓரிரு இடங்களில் மழை பெய்யக்கூடும்" என்கிறது. யாரை நம்புவது?

உறுதியாய்ப் பேசுபவரையே மனம் நாடுகிறது. மையத்தின் சொல்லை மழுப்பல் என்று நகைக்கிறோம். உண்மையில் அது ஓர் அளவை. 'ஓரிரு இடங்கள்' எனில், மழையை அளக்கும் நிலையங்களுள் கால் பங்குக்கு மிகாதவை; 'ஒரு சில இடங்கள்' எனில் பாதி வரை; 'பல இடங்கள்' எனில் முக்கால் பங்கு வரை. 'கனமழை' எனில், ஒரே நாளில் ஏறத்தாழ 7 முதல் 11 சென்டிமீட்டர். அளந்து சொன்ன சொல் பொய்த்தால், பொய்த்தது என்று காட்டிவிடலாம். பெயரும் நாளும் அளவும் இன்றி வரும் செய்திக்கு யாரிடம் கணக்குக் கேட்பது?

2024 நவம்பர் இறுதியில், புயலாகாமலே கரையைக் கடக்கும் என ஒரு கட்டத்தில் கணிக்கப்பட்ட தாழ்வு மண்டலம், ஃபெஞ்சல் புயலாகி 30ஆம் நாள் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. மையம் தன் கணிப்பை மாற்றி ஊரறிய அறிவித்தது. பிழையே செய்யாதவரைத் தேடினால் எவரும் அகப்படார்; பிழையை மறைக்காதவரைத் தேடுவோம்.

நமக்கும் கடமை உண்டு. ஆராயாமல் நாம் பரப்பும் அச்சத்தால் ஒரு தொழிலாளி நாள்கூலியை இழக்கிறார். அடுத்த முறை மெய்யான எச்சரிக்கை வரும்போது, அவர் அதை நம்ப மறுத்தால் அப்பழி யாருடையது?